பேத்திக்கு வந்ததும் எனக்கு இருப்பதும்

கும்பகோணம்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் வந்து இருபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே. வீடு இப்போதுதான் கொஞ்சம் அடங்கியிருக்கிறது.

லீவுக்கு வந்த பேத்திக்குச் சர்க்கரை. ஒன்பது வயது. வந்த நாளிலிருந்து சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள். வெயில் என்று நினைத்தோம். இரவில் பாயை நனைத்தாள். இவ்வளவு பெரிய பெண்ணா என்று பாட்டி திட்டினாள். கவுன் தோளில் நிற்காமல் நழுவியது. நாலாம் நாள் வாந்தி, வயிற்றுவலி. பக்கத்துக் கிளினிக்கில் அஜீரணம் என்று மருந்து கொடுத்து அனுப்பினார்கள். ராத்திரி அவள் மூச்சு ஆழமாக, ஓடிவந்தவள் போல இரைத்தது. வாயில் அழுகிய பழ வாசனை. அப்போதுதான் எனக்கு உறைத்து, அலமாரியிலிருந்த, நான் சர்க்கரை பார்க்கிற மெஷினை எடுத்து அவள் விரலில் குத்தினேன். எண்ணே வரவில்லை, 'ஹை' என்று மட்டும் நின்றது. 600க்கு மேல் போனால் அது அப்படித்தான் காட்டுமாம். மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து என் விரலில் குத்திப் பார்த்தேன். 164. மெஷினில் கோளாறு இல்லை.

17 வருஷமாகச் சர்க்கரையோடு குடித்தனம் நடத்துகிறவன் நான். கையெட்டும் தூரத்தில் மெஷினை வைத்துக்கொண்டு நாலு நாள் சும்மா இருந்திருக்கிறேன். சர்க்கரை என்றால் நம் வயசுக்காரர்கள் சமாச்சாரம் என்று மண்டையில் பதிந்துபோனதுதான் காரணம். இன்னும் ஆறவில்லை எனக்கு.

மூன்று நாள் ஐசியுவில் வைத்துக் காப்பாற்றிவிட்டார்கள். அங்கே டாக்டரம்மாவிடம், "எனக்குக் கொடுக்கிற மெட்ஃபார்மினையே அரை மாத்திரையாகக் கொடுக்கக் கூடாதா?" என்று கேட்டேன். சிரிக்காமல் பதில் சொன்னார்: "ஐயா, உங்களுக்கு மோட்டார் ஓடுகிறது, வாய்க்கால் தூர்ந்து கிடக்கிறது. நடை, சாப்பாட்டுக் கட்டுப்பாடு, மாத்திரை எல்லாம் தூர்வாருகிற வேலை. குழந்தைக்கு மோட்டாரே போய்விட்டது. தண்ணீரை நாம்தான் வெளியிலிருந்து கொண்டுவந்து விட வேண்டும்." மோட்டார் என்றது கணையத்தை, தண்ணீர் என்றது அது சுரந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கிற இன்சுலினை. வாய்க்கால் தூர்ந்தது என்றால், இன்சுலின் இருந்தும் உடம்பில் சரியாக வேலை செய்யவில்லை என்று அர்த்தம். பேத்திக்குக் கணையத்தில் இன்சுலின் சுரக்கிற செல்களை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே எதிரி என்று நினைத்து அழித்துவிடுகிறதாம். இது முதல் வகை, டைப் 1. என்னுடையது டைப் 2. என் மோட்டாரும் வருஷக்கணக்கில் திணறி ஓடித் தேய்ந்துகொண்டுதான் வருகிறது. ஒரு நாள் எனக்கும் ஊசி தேவைப்படலாம். ஆனால் அவளுக்கு முதல் நாளிலிருந்தே ஊசிதான் உயிர். 1922 ஜனவரியில் டொரண்டோவில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்பு இந்தக் குழந்தைகளைப் பட்டினி போட்டுத்தான் சில மாதம் கூடுதலாக உயிரோடு வைத்திருந்தார்களாம். படித்துவிட்டு அன்று இரவு தூக்கம் வரவில்லை.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் படுத்திய பாடு வேறு. "சாக்லேட்டு வாங்கிக் கொடுத்துக் கெடுத்துட்டீங்க" என்று ஒருத்தி. நாட்டு மருந்தில் ஆறே மாதத்தில் ஊசியை நிறுத்திவிடலாம் என்று இன்னொருவர். அவரை வாசலோடு அனுப்பிவிட்டேன். இந்தப் பேச்சை நம்பி ஊசியை நிறுத்தினால் சில நாளில் மறுபடி ஐசியுதான்.

சரி, உன் மாப்பிள்ளை விஷயத்துக்கு வருகிறேன். 38 வயது, ஒல்லி, குடும்பத்தில் யாருக்கும் இல்லை, ஒரு வருஷமாக இரண்டு மாத்திரை போட்டும் ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டுகிற பரிசோதனை) பத்துக்குக் கீழே இறங்கவில்லை, எடையும் குறைகிறது என்று எழுதியிருந்தாய். "சாப்பாட்டைக் கட்டுப்படுத்தவில்லை" என்று அவரைத் திட்டாதே. டைப் 1 மாதிரியான சர்க்கரை பெரியவர்களுக்கும் மெல்ல மெல்ல வரும் என்று டாக்டரம்மா சொன்னார். ஜி.ஏ.டி. ஆன்டிபாடி, சி-பெப்டைடு என்று இரண்டு ரத்தப் பரிசோதனை உண்டு. முதலாவது, உடம்பே கணையத்தைத் தாக்குகிறதா என்று காட்டும்; இரண்டாவது, கணையம் எவ்வளவு இன்சுலின் சுரக்கிறது என்று காட்டும். தேவையா என்று சர்க்கரை டாக்டரிடம் கேட்கச் சொல். அவருக்கு ரொம்ப நாளாக வயிற்றுவலி இருந்ததா என்றும் விசாரி. கணையத்தில் கல் சேர்ந்து அதனால் வருகிற சர்க்கரை நம் பக்கத்திலும் கேரளாவிலும் பார்க்கிற ஒன்றுதான். நாமாக முடிவு கட்ட வேண்டாம், ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட வேண்டும். எடை இறங்குவதால் தள்ளிப்போடாதே.

உன் மருமகளுக்குக் கர்ப்பத்தில் சர்க்கரை பார்த்தார்களா? 75 கிராம் குளுக்கோஸைக் குடிக்க வைத்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுப்பார்கள். 140ஐத் தொட்டால் கவனிக்க வேண்டும். பிரசவத்தோடு பெரும்பாலும் போய்விடும், ஆனால் பின்னால் டைப் 2 வர வாய்ப்பு அதிகம். குழந்தை பிறந்த பிறகும் பார்த்துக்கொள்ளச் சொல்.

பேத்தி இப்போது தானே வயிற்றுச் சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போட்டுக்கொள்கிறாள், நாளைக்கு நாலு தடவை. முதல் வாரம் நான் அந்தப் பக்கமே போகவில்லை. சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும். அதற்காக ஸ்கூல் பையில் சின்ன டப்பாவில் சர்க்கரை. இதில் ஒரு வேடிக்கை, சர்க்கரைக்காரிக்கு மருந்தும் சர்க்கரைதான். காலையில் இரண்டு பேரும் சேர்ந்து குத்திப் பார்க்கிறோம். நேற்று அவளுக்கு 118, எனக்கு 171. "தாத்தா, நீ அவுட்" என்றாள்.

அடுத்த மாதம் வருவதாக எழுதியிருக்கிறாய். வரும்போது பாதுஷா வாங்கி வருவாய், தெரியும். அவளுக்கு மட்டும் ஒன்று வாங்கி வா. அதற்கு எத்தனை யூனிட் இன்சுலின் என்று கணக்குப் போட்டு ஊசி போட்டுக்கொண்டு தின்பாள். எனக்கு வேண்டாம்.

உன்,
ராமு