குட்டி முகட்டுக்கு நன்றி

ஆதித்யா-எல்1 குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

தென்காசிப் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். சூரியனை ஆராயும் உங்கள் விண்கலம் அனுப்பும் அளவீடுகளைப் பூட்டி வைக்காமல் எல்லாருக்கும் திறந்து விட்டீர்களே, அதற்காகத்தான் இந்த மடல்.

சூரியக் காற்றை, அதாவது சூரியனிலிருந்து வீசும் மின்னூட்டத் துகள்களின் ஓட்டத்தை, பாடமாக நடத்துவது கஷ்டம். பூமிக்கு அருகே கன சென்டிமீட்டருக்குச் சில துகள்கள்தான் இருக்கும். அதன் வேகம் நொடிக்கு 400 கிலோமீட்டர் என்று பலகையில் எழுதினால் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள், அத்தோடு சரி.

இந்த வருஷம், பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டருக்கு அப்பால், சூரியக் காற்றின் துகள்களை அளக்கும் உங்கள் ஆஸ்பெக்ஸ் கருவி எண்ணிய எண்களையே வரைபடமாக்கிக் காட்டினேன். உயரமாக ஒரு முகடு. அதன் வலப்பக்கம் குட்டியாக இன்னொன்று. "அது என்ன டீச்சர்?" என்றாள் கடைசி பெஞ்சில் ஒருத்தி.

கருவிக்குள் வளைந்த இரண்டு தகடுகள், நடுவே குறுகலான சந்து. கொடுத்த மின்னழுத்தத்துக்குப் பொருந்தும் அயனி மட்டும் வளைவோடு வளைந்து மறுமுனைக்கு வரும். மற்றவை தகட்டில் மோதிவிடும். மின்னழுத்தத்தைப் படிப்படியாக மாற்றி, ஒவ்வொரு படியிலும் எத்தனை வந்தன என்று எண்ணுகிறது கருவி. பெரிய முகடு புரோட்டான். ஹீலியம் அயனியும் கிட்டத்தட்ட அதே வேகத்தில்தான் வருகிறது. ஆனால் நிறை நான்கு மடங்கு, மின்னூட்டம் இரண்டு மடங்கு. அப்படியானால் அது எங்கே விழ வேண்டும்? அவளே கணக்குப் போட்டாள். வரைபடத்தின் கிடை அச்சில் (ஆற்றலை மின்னூட்டத்தால் வகுத்தது, வோல்ட்டில்) புரோட்டானுக்கு 835 என்றால் இதற்கு 1,670. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள், குட்டி முகடு அங்கேதான் இருந்தது. "அப்போ இது சூரியனிலிருந்து வந்த ஹீலியமா!" என்று அவள் கேட்ட குரலை உங்கள் எல்லாருக்கும் கேட்க வைக்க முடிந்தால் நன்றாக இருக்கும்.

ஆஸ்பெக்ஸை உருவாக்கிய அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தாருக்கும், அதே விண்கலத்தில் சூரியக் காற்றை அளக்கும் பாப்பா கருவியைத் தந்த திருவனந்தபுரத்து விண்வெளி இயற்பியல் ஆய்வகத்தாருக்கும் நன்றி. பெங்களூரு அருகே பியாலாலு ஆன்டெனா நிலையத்தில் ராத்திரி ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும், கோப்புகளைச் சீர்செய்து தளத்தில் ஏற்றுகிறவர்களுக்கும் தனியாக ஒரு நன்றி. உங்கள் பெயர் செய்தியில் வருவதில்லை. திட்ட இயக்குநராக இருந்த நிகர் ஷாஜி அம்மா எங்கள் செங்கோட்டைக்காரர் என்பதில் வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது.

1962-இல் மாரினர் 2 விண்கலத்தில் இதே வளைந்த தகடுகளை வைத்துச் சூரியக் காற்று ஓயாமல் வீசுகிறது என்று காட்டிய மார்சியா நியூகெபவருக்கும் கான்வே ஸ்னைடருக்கும் பிள்ளைகள் சார்பில் வணக்கம்.

அடுத்து 2024 மே மாதம் பூமியைத் தாக்கிய சூரியப் புயலை வரையப் போகிறோம். அந்த இரவில் லடாக்கின் ஹான்லேயில் வானம் சிவந்த படத்தை இப்போதே தேடி எடுத்து வகுப்புச் சுவரில் ஒட்டிவிட்டார்கள்.

அன்புடன்,
ஓர் இயற்பியல் ஆசிரியை