ஒன்பதாம் தேதி இரவா, பத்தாம் தேதி விடியலா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லையில் நடந்த ஒரு கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பே ரயிலில் படுக்கை பதிவு செய்திருந்தும், கடைசியில் திருச்சி பஞ்சப்பூரில் பஸ் ஏறி, தாலி கட்டி முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தவன் நான். தவறு என்னுடையதுதான். ஆனாலும் எழுதக் காரணம் இருக்கிறது.

கல்யாணம் சென்ற மாதம் 10ஆம் தேதி, முகூர்த்தம் காலை 9 மணிக்கு மேல். பெண்ணின் தகப்பனார் அஞ்சலகத்தில் இருபது ஆண்டு எனக்குப் பக்கத்து இருக்கை. சென்னை எழும்பூரிலிருந்து இரவில் கிளம்பும் நெல்லை வண்டி திருச்சிக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். விடிந்ததும் நெல்லையில் இறங்கி, குளித்து, நிதானமாக மண்டபத்துக்குப் போகலாம் என்பது கணக்கு. 120 நாளாக இருந்த முன்பதிவுக் காலம் 2024 நவம்பர் முதல் 60 நாளாகக் குறைந்துவிட்டதால், நாள்காட்டியில் விரல்விட்டு எண்ணி, காலை 8 மணிக்குக் கவுன்ட்டர் திறக்கும் முன்பே போய் மூன்றாவது ஆளாக நின்றேன். படிவத்தில் பயணத் தேதி 9 என்று எழுதினேன். வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது 9ஆம் தேதி இரவுதானே! மூத்த குடிமக்கள் என்பதால் எனக்கும் மனைவிக்கும் கீழ்ப் படுக்கையே கிடைத்தது. அந்தப் பூரிப்பில் டிக்கெட்டைச் சரியாகப் படிக்காமல் மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்துவிட்டேன்.

குறித்த இரவில் வண்டி வந்தது. எங்கள் படுக்கைகளில் இருவர் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களை எழுப்பிச் சத்தம் போட்டதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. டிக்கெட் பரிசோதகர் என் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, “இது நேற்றைய டிக்கெட் ஐயா. நீங்கள் ஏற வேண்டிய வண்டி 9ஆம் தேதி அதிகாலையிலேயே போய்விட்டது. இப்போது தேதி 10” என்றார். எங்கள் படுக்கை முந்தைய இரவே வேறு யாருக்கோ போயிருக்கும். பையோடும் பரிசுப் பொட்டலத்தோடும் இறங்கி நின்றோம். நடைமேடையில் டீ விற்றவர் எங்களைப் பார்த்ததுமே, “தேதி மாறிப்போச்சா?” என்று கேட்டார். அடிக்கடி இப்படி யாராவது இறங்குகிறார்களாம். பிறகு பஞ்சப்பூர், மதுரை மாட்டுத்தாவணி, அங்கே இன்னொரு பஸ். பந்தியில் பாயசம் கிடைத்தது.

பஞ்சாங்கத்தில் ஒரு நாள் என்பது சூரிய உதயத்திலிருந்து அடுத்த உதயம்வரை அறுபது நாழிகை. நம் பேச்சிலும் ‘வெள்ளிக்கிழமை ராத்திரி ஒரு மணி’ என்றால், வெள்ளி கழிந்து வரும் ராத்திரிதான். என் உத்தியோகமும் அப்படி: காலையில் அலுவலகம் திறந்ததும் முத்திரையில் தேதியை மாற்றினால்தான் எங்களுக்கு அடுத்த நாள் பிறக்கும். ரயில்வேக்கோ நள்ளிரவு 12 மணிக்கே தேதி மாறிவிடுகிறது. அதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் பாண்டியன், நெல்லை, பொதிகை என்று சென்னையிலிருந்து தெற்கே போகும் வண்டிகள் பல திருச்சியைத் தொடுவது அந்த இரண்டுங்கெட்டான் நேரத்தில்தான். எழும்பூரில் ஏறுபவருக்கு இந்தக் குழப்பமே வராது. எங்களைப் போல நடுவழியில் ஏறுகிறவர்களுக்குத்தான்.

நான் கேட்பது பெரிய காரியமில்லை. நள்ளிரவுக்கும் விடியலுக்கும் நடுவே ஏறுபவர் படிவத்தை நீட்டும்போது, “எந்த ராத்திரி வீட்டிலிருந்து கிளம்புகிறீர்கள்?” என்று கவுன்ட்டரில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். டிக்கெட்டில் தேதியும் நேரமும் இருக்கத்தான் செய்கின்றன. பக்கத்தில் ‘அதிகாலை’ என்றும் தமிழில் அச்சிட்டால் என் போன்றவர்கள் கண்ணில் படும். தட்கல் எடுப்பவர்களும் கவனிக்க வேண்டும். வண்டி முதலில் புறப்படும் ஊரின் தேதிக்கு முந்தைய நாள்தான் தட்கல் திறக்கிறது. 10ஆம் தேதி அதிகாலை திருச்சியில் ஏற வேண்டுமானால், அந்த வண்டி எழும்பூரில் 9ஆம் தேதியே கிளம்பிவிடுவதால், 8ஆம் தேதியே வரிசையில் நிற்க வேண்டும்; ஏ.சி. வகுப்புக்குக் காலை 10 மணி, சாதாரண ஸ்லீப்பருக்கு 11 மணி. 9ஆம் தேதி போனால் மிச்சம் மீதிதான்.

சித்திரையில் நாங்கள் மறுபடியும் நெல்லைக்குப் போகிறோம். படிவத்தை இந்த முறை என் மனைவி நிரப்புவதாக முடிவாகியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அஞ்சலக ஊழியர்,
திருவானைக்காவல், திருச்சி.