முதல் எரரைக் காட்டச் சொன்னவருக்கும் மற்றவர்களுக்கும்

வணக்கம் நண்பர்களே,

அந்தப் பழைய வரைபட நிரல் ஒருவழியாக டெபியன் லினக்ஸில் கம்பைல் ஆகிவிட்டது (சோர்ஸ், ஓடக்கூடிய நிரலாக மாறிவிட்டது), ஓடவும் செய்கிறது. உதவிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் ஒருவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்தவர் சொன்னது வருகிறது, பிரித்து எழுதினால் யாருக்கும் முழுசாகப் புரியாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து ஒரே மடல். உங்கள் பெயர்களைப் போடவில்லை, யார் எதைச் செய்தீர்கள் என்று படித்தாலே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

பின்னணி தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: பாதி சி, பாதி சி பிளஸ் பிளஸ்ஸில் எழுதிய நிரல் அது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார், சோர்ஸ் மட்டும் இருக்கிறது. பழைய மெஷினில் எந்தத் தகராறும் இல்லாமல் கம்பைல் ஆனது. டெபியன் 12-க்கு மாறியதும், அதாவது அதன் கம்பைலர் ஜிசிசி 12-க்கு மாறியதும், ஒரு எரர் போனால் இன்னொன்று வந்து நின்றது.

முதலில் அந்தத் தங்கைக்கு நன்றி சொல்லியாக வேண்டும். நான் டெர்மினலின் கடைசி இருபது வரியை அனுப்பி "இதற்கு என்ன செய்வது" என்று கேட்டபோது, "அண்ணா, கடைசி எரரை விடுங்க, முதல் எரரைக் காட்டுங்க" என்று ஒரே வரியில் பதில் போட்டவர். கேட்கச் சின்ன விஷயம்தான். ஆனால் கம்பைல் வேலைகளை ஓட்டும் மேக் என்ற கருவி கடைசியில் துப்பும் "எரர் 2" என்ற வரியில் ஒன்றுமே இல்லை, கீழே ஏதோ ஒரு வேலை தோற்றுவிட்டது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. அதோடு நாம் எல்லோரும் வேகத்துக்காகப் பல வேலைகளை ஒரே நேரத்தில் ஓட்டுகிறோம், அப்போது நாலு கோப்புகளின் செய்திகள் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன, உண்மையான எரர் முந்நூறு வரிக்கு மேலே எங்கோ புதைந்து கிடக்கும். ஒரே வேலையாக ஓட்டுங்கள், கம்பைலருக்குப் போகும் முழுக் கட்டளையையும் காட்டச் சொல்லுங்கள், எரர் செய்திகளையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு கோப்பில் பிடித்து அனுப்புங்கள் என்றார். அந்தக் கோப்பு இருந்ததால்தான் அப்புறம் வந்த மற்ற எல்லோராலும் உதவ முடிந்தது.

முதல் எரர் என்னவோ சாதாரணமானதுதான், ஒரு ஹெடர் கோப்பு, அதாவது லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் கோப்பு, இல்லை. லைப்ரரி (மற்ற நிரல்கள் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பு) இருக்கிறது, ஹெடர் இல்லை. டெபியனில் ஓடுவதற்கான லைப்ரரி ஒரு பேக்கேஜ், அதை வைத்துக் கம்பைல் செய்வதற்கான ஹெடர்களும் மற்றவையும் "டெவ்" என்று முடியும் வேறொரு பேக்கேஜ். எந்த ஹெடர் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று ஆப்ட்-ஃபைல் என்ற கருவி சொல்லிவிடும். இதற்குப் பதில் சொன்ன நாலைந்து பேருக்கும் நன்றி.

அடுத்ததுதான் விஷயம். கம்பைல் ஆன ஆப்ஜெக்ட் கோப்புகளை ஒரே நிரலாக ஒட்டும் லிங்கர் கட்டத்தில் பக்கம் பக்கமாக "மல்டிபிள் டெஃபினிஷன்". ஒரே மாறி எல்லா ஆப்ஜெக்ட் கோப்பிலும் இருக்கிறது என்று புகார். பழைய மெஷினில் இதே சோர்ஸ், ஒரு எழுத்துகூட மாறவில்லை, சத்தமில்லாமல் ஓடியது. ஒருவர் உடனே ஒரு கம்பைலர் ஃபிளாகை (கட்டளையில் சேர்க்கும் தெரிவு) கொடுத்து "இதைச் சேருங்கள், போய்விடும்" என்றார். போய்விட்டது, உண்மைதான், அவருக்கும் நன்றி. ஆனால் இன்னொருவர் பின்னாலேயே வந்து ஏன் என்று எழுதினார் பாருங்கள், அந்தப் பதிலை நான் தனியாகச் சேமித்து வைத்திருக்கிறேன். ஒரு ஹெடரில் "எக்ஸ்டர்ன்" (மாறி வேறெங்கோ இருக்கிறது என்று மட்டும் சொல்லும் சொல்) போடாமல் ஒரு குளோபல் மாறியை எழுதி, அந்த ஹெடரைப் பத்து கோப்புகள் சேர்த்துக்கொண்டால், பத்துக் கோப்பிலும் அந்த மாறி பிறக்கிறது. பழைய ஜிசிசி இவற்றை "காமன்" என்று குறித்து வைக்கும், லிங்கர் எல்லாவற்றையும் ஒன்றாக்கிவிடும். 2020-ல் வந்த ஜிசிசி 10-லிருந்து அப்படிச் செய்வதில்லை, ஒவ்வொன்றும் தனி மாறிதான் என்று எடுத்துக்கொள்கிறது, அதனால் லிங்கர் சண்டைக்கு வருகிறது. பழைய வழக்கத்துக்குத் திருப்புவதுதான் முதலாமவர் கொடுத்த ஃபிளாக். சரியான வழி, ஹெடரில் "எக்ஸ்டர்ன்" சேர்த்து, ஒரே ஒரு சி கோப்பில் மட்டும் மாறியை வைப்பது. எனக்கு இரண்டுமே தேவைப்பட்டன: அன்றைக்கு இரவு மேலே போக ஃபிளாக், மறுநாள் உட்கார்ந்து சரிசெய்யக் காரணம். ஆனால் எதற்கு அதிக நன்றி என்று கேட்டால், காரணத்துக்குத்தான். வேறொரு நிரலில் இதே எரரைப் பார்த்தபோது யாரையும் கேட்காமல் முடித்துவிட்டேன்.

திருத்தத்துக்கான பேட்சை (எந்த வரி எப்படி மாற வேண்டும் என்ற பட்டியல்) செய்தியில் அப்படியே ஒட்டி அனுப்பியவருக்கும், அதில் டேப் எல்லாம் ஸ்பேஸாக மாறி, மேக்குக்கான கட்டளைகள் இருக்கும் மேக்ஃபைல் படுத்துக்கொண்டதும் வாய் பேசாமல் அதையே கோப்பாக இணைத்து மறுபடி அனுப்பிவைத்தவருக்கும் நன்றி. 1976-ல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் எழுதிய மேக், கட்டளை வரியின் முதலில் டேப்தான் வேண்டும் என்று இன்றைக்கும் அடம்பிடிக்கிறது. என்ன செய்ய, அது அப்படித்தான்.

நடுவில் ஒருநாள் "கில்ட்" என்று ஒரே வார்த்தையோடு கம்பைலர் செத்துப்போனது. கம்பைலரில் வழு என்று ரிப்போர்ட் எழுதலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். "கெர்னல் பதிவில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்" என்றார் ஒருவர். மெமரி தீர்ந்து, இயங்குதளத்தின் மையமான கெர்னலே கம்பைலரைக் கொன்றிருக்கிறது. சி பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட் நிறைந்த கோப்புகள் ஒவ்வொன்றும் ஜிபி கணக்கில் மெமரி தின்னும், பிராசஸரில் எத்தனை கோர் இருக்கிறதோ அத்தனை வேலை என்று ஓட்டினால் கோர் தாங்கும், மெமரி தாங்காது. வேலைகளைப் பாதியாகக் குறைத்தேன், முடிந்தது.

அப்புறம்தான் எல்லோரையும் திணறடித்த எரர். வரைபடக் கோப்புகளைப் படிக்க ஒரு சி பிளஸ் பிளஸ் லைப்ரரி, ஒரு நிறுவனம் கம்பைல் செய்தே கொடுத்தது. அதில் இருக்கிற ஒரு ஃபங்ஷனை "அன்டிஃபைன்டு ரெஃபரன்ஸ்" என்கிறது லிங்கர். லைப்ரரி இருக்கிறது, பாதை சரி, கட்டளையில் வரிசையும் சரி (வரிசையைச் சரிபார்க்கச் சொன்னவர்களுக்கும் நன்றி, பத்தில் எட்டு முறை அதுதான் காரணமாக இருக்கும்). பெயர்களைப் பட்டியலிடும் என்எம் கருவியைக் கொண்டு லைப்ரரிக்குள் எட்டிப்பார்த்தால் அந்த ஃபங்ஷன் அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. பெயர் அதே, அதற்குக் கொடுக்கும் ஆர்க்யுமென்ட்டும் அதே ஸ்ட்ரிங்தான் (எழுத்துத்தொடர்), இருந்தும் இல்லை என்கிறது.

அப்போது ஒருவர் கேட்ட கேள்வி: "லிங்கர் கேட்கிற பெயரையும் லைப்ரரியில் இருக்கிற பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஒன்றில் மட்டும் சிஎக்ஸ்எக்ஸ்11 என்று வருகிறதா?" வந்தது. சி பிளஸ் பிளஸ்ஸில் ஃபங்ஷன் பெயரோடு ஆர்க்யுமென்ட்டின் வகையையும் கம்பைலர் சேர்த்து எழுதிவிடும். லிங்கர் கேட்ட பெயருக்குள், ஸ்ட்ரிங் வரும் இடத்தில், இரண்டு அண்டர்ஸ்கோரோடு அந்தச் சொல் இருந்தது. லைப்ரரியில் வெறும் ஸ்ட்ரிங். அத்தனை நேரமும் இரண்டையும் கண்ணால் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறோம், அவ்வளவு நீளப் பெயரில் அது யார் கண்ணிலும் விழவில்லை.

காரணத்தையும் அவரே எழுதினார். பழைய ஸ்ட்ரிங், நகலெடுத்தால் உடனே நகலெடுக்காது, யாராவது மாற்றும்வரை இரண்டு பேரும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்வார்கள். சி பிளஸ் பிளஸ் 11 தரநிலைக்கு அது ஒத்துவரவில்லை. அதனால் 2015-ல் ஜிசிசி 5 புது ஸ்ட்ரிங்கைக் கொண்டுவந்தது. பழைய நிரல்கள் உடையக்கூடாதே என்று பழையதையும் விட்டுவைத்து, இரண்டும் தப்பித்தவறிக்கூடக் கலந்துவிடாதபடி பெயரிலேயே வேறுபடுத்தினார்கள். ஆகவே அந்த எரர் ஒரு காவல். அது வராமல் லிங்க் ஆகியிருந்தால், ஓடும்போது மெமரியைக் கண்டபடி கலைத்துப்போட்டு, எங்கே உடைகிறது என்று தேடி நாமெல்லாம் அலைந்திருப்போம்.

இங்கேயும் குறுக்குவழி ஒன்று உண்டு, பழைய ஸ்ட்ரிங்கையே பயன்படுத்து என்று கம்பைலருக்குச் சொல்லும் ஒரு மேக்ரோ. அதைப் போட்டால் நிரல் அந்த லைப்ரரியோடு ஒட்டும், ஆனால் டெபியனில் இருக்கிற மற்ற சி பிளஸ் பிளஸ் லைப்ரரிகள் எல்லாம் புது ஸ்ட்ரிங்கோடு கட்டியவை, அவை வெட்டிக்கொள்ளும். சரி என்று நிறுவனத்தைக் கேட்டோம், பதிலே இல்லை. கடைசியில் உங்களில் ஒருவர், அதே கோப்பு வடிவத்தைப் படிக்கும் ஒரு கட்டற்ற லைப்ரரி டெபியனிலேயே இருக்கிறது என்று காட்டிக்கொடுத்து, அதற்கு ஏற்றபடி அழைப்புகளை மாற்றி எழுதியும் கொடுத்தார். இதற்கு வெறும் நன்றி என்று எழுதக் கை கூசுகிறது, ஆனால் வேறு சொல் இல்லை.

லிங்க் ஆனது. ஓட்டினால் ஒரு வார்த்தை பேசாமல் வெளியேறுகிறது. எரர் இல்லை, கோர் டம்ப் (சாகும் நிரல் விட்டுப்போகும் மெமரி நகல்) இல்லை, ஒன்றுமில்லை. இந்த மாதிரிச் சத்தமில்லாமல் சாகிற நிரலைவிட, பக்கம் பக்கமாகத் திட்டுகிற நிரல் எவ்வளவோ மேல்.

எஸ்டிரேஸ் ஓட்டச் சொன்ன பெரியவருக்கு என் வணக்கம். நிரல் கெர்னலிடம் என்னென்ன கேட்கிறது, கெர்னல் என்ன பதில் சொல்கிறது என்று ஒவ்வொரு வரியாகக் காட்டும் கருவி அது. 1991-ல் சன்ஓஎஸ்ஸுக்காக பால் கிரானன்பர்க் எழுதியது, மறு வருடமே லினக்ஸுக்கு வந்துவிட்டது. ஓட்டினால் ஆயிரக்கணக்கில் வரிகள் ஓடுகின்றன, அதில் பாதி "அப்படி ஒரு கோப்பு இல்லை" என்றுதான் வருகிறது. பயந்துபோய் அதையெல்லாம் அனுப்பினேன். அவர் எழுதினார்: "இல்லை என்று வருவது இயல்பு, ஒரு கோப்பை நாலு இடத்தில் தேடினால் மூன்று இடத்தில் இல்லை என்றுதான் வரும். கம்பைலர் எரரை மேலிருந்து படிக்க வேண்டும், இதைக் கீழிருந்து படியுங்கள். நிரல் வெளியேறும் வரியைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுங்கள். எந்தக் கோப்பைத் தேடித் தேடிக் கடைசிவரை கிடைக்காமல் விட்டது என்று பாருங்கள்."

ஏறினேன். வெளியேறும் வரிக்குச் சற்று மேலேயே இருந்தது, செருகுநிரல் கோப்பு ஒன்றை "/யுஎஸ்ஆர்/லிப்" அடியில் கேட்கிறது, இல்லை என்று பதில், அவ்வளவுதான், கிளம்பிவிட்டது. கோப்பு மெஷினில் இருக்கிறது, ஆனால் அதற்குள் இன்னொரு அடைவில், கட்டமைப்பின் (பிராசஸர் வகையின்) பெயரோடு. 2013-ல் வந்த டெபியன் 7-லிருந்து பல கட்டமைப்புகளின் லைப்ரரிகள் ஒரே மெஷினில் வாழ வேண்டும் என்பதற்காக அவற்றை அப்படிப் பிரித்து வைக்கிறார்கள். நிரல் அதற்கும் முந்தையது, பாதையைச் சோர்ஸிலேயே எழுதி வைத்திருக்கிறது. பழைய பாதையிலிருந்து கோப்பைக் காட்டும் சிம்லிங்க் ஒன்று போட்டு ஏமாற்றிவிடலாம் என்று சிலர் சொன்னீர்கள், வேலை செய்யும், ஆனால் அடுத்த அப்டேட்டில் யாராவது ஒருவர் மறுபடி இதே கீழிருந்து மேல் ஏறும் வேலையைச் செய்ய வேண்டியிருக்கும். அதனால் பாதையை, எது எங்கே இருக்கிறது என்று சொல்லும் பிகேஜி-கான்ஃபிக் கருவியிடம் கேட்டு எடுக்கும்படி மாற்றிவிட்டேன்.

"இது எனக்குத் தெரியாது, ஆனால் இன்னாருக்குத் தெரியலாம்" என்று எழுதிய இரண்டு பேரை விட்டுவிடக் கூடாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதியிருந்தால் ஒரு நாள் வீணாகியிருக்கும்.

நேரில் பேசாத சிலருக்கும் கடன்பட்டிருக்கிறேன். டெபியன் பேக்கேஜ்களைப் பராமரிப்பவர்கள் தங்கள் பேட்ச் ஒவ்வொன்றின் தலையிலும் இது எதற்கு, எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்கிறார்கள். "எக்ஸ்டர்ன்" திருத்தத்தை எப்படிச் செய்வது என்று நான் பார்த்துக் கற்றதே வேறொரு பேக்கேஜின் பேட்சில்தான். இந்த வேலை பெரும்பாலும் யார் கண்ணிலும் படுவதில்லை. 2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் லைப்ரரியில் ஒளித்து வைத்த பின்கதவை ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் கண்டுபிடித்தபோதுதான் பலருக்கும் இந்தப் பக்கம் ஞாபகம் வந்தது. தொலைவிலிருந்து மெஷினுக்குள் நுழையும் எஸ்எஸ்ஹெச் லாகின் அரை நொடி தாமதமாகிறதே, ஏன் என்று விடாமல் போனவர் அவர். அதைத் திறந்துவிட்ட வரிகள், வெளியிட்ட சோர்ஸ் தொகுப்பான டார் கோப்பின் பில்ட் ஸ்கிரிப்டுக்குள்தான் இருந்தன, யாரும் படிக்க விரும்பாத அதே ஸ்கிரிப்டுகள். நமக்கு நடந்தது அதோடு ஒப்பிட ஒன்றுமே இல்லை, ஆனால் "ஏன்" என்று கேட்டுவிட்டு நகராமல் நிற்கும் ஆட்கள் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான்.

இனி வேலை விஷயம். திருத்தங்களை மூன்று பேட்சாகப் பிரித்துவிட்டேன்: மாறிகள், புது லைப்ரரி, செருகுநிரல் பாதை. ஒவ்வொன்றிலும் காரணத்தை உங்கள் விளக்கத்திலிருந்தே சுருக்கி எழுதியிருக்கிறேன், எங்காவது திரித்து எழுதியிருந்தால் திருத்துங்கள். யார் சொன்னது என்று கீழே பெயர் போட ஆசை, ஆனால் கேட்காமல் போட மாட்டேன். போடலாம் என்பவர்கள் எந்தப் பெயரில் என்று ஒரு வரி எழுதினால் போதும். அப்புறம், யாரிடமாவது ஆர்ம் பிராசஸர் உள்ள மெஷின் இருந்தால் மூன்றாவது பேட்சை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். என்னிடம் இல்லை, அங்கே அடைவின் பெயர் வேறு. தோற்றால் முதல் எரரை அனுப்புங்கள்.