பெல்ட்டை மட்டும் மாற்றிவிட்டு விடாதே

கோவை,
மே மாதம்.

அன்புள்ள செல்வராஜ்,

உன் கடிதம் வந்தது. பெரியவளுக்கு வேலை கிடைத்த சேதியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். அம்மாவுக்கு அப்படியொரு சந்தோஷம். முழங்கால் வலி மட்டும் அவரை விடவில்லை. மற்றபடி இங்கே எல்லோரும் சௌக்கியம். தம்பி மகனுக்குப் பொள்ளாச்சியிலேயே பெண் அமைந்துவிட்டது. ஆவணியில் கல்யாணம், குடும்பத்தோடு வந்துவிடு.

ஜீப் விஷயம்தான் மனதை அரிக்கிறது. எஞ்சின் முன்னால் ஓடும் பெல்ட்டைப் புதிதாகப் போட்டும் கீச்சுச் சத்தம் திரும்பிவிட்டது என்கிறாய். அப்படியென்றால் குறை பெல்ட்டில் இல்லை, அது சுற்றி ஓடுகிற சக்கரங்களான புல்லிகளில் ஏதோ ஒன்றில் இருக்கிறது. ஜூன் மழை பிடிப்பதற்குள் பார்த்துவிடு. உன் டீசல் வண்டியில் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே, பிரேக் மிதிக்கத் துணை செய்யும் வேக்குவம் பம்ப் இருக்கிறது. ஒரு புல்லி இறுகி பெல்ட் அறுந்தால் சார்ஜ் நிற்கும், வாட்டர் பம்ப் நிற்கும், ஸ்டியரிங் கல்லாகும். நாலைந்து முறை மிதித்ததுமே பிரேக்கும் கட்டையாகிவிடும். வால்பாறையிலிருந்து ஆழியாறுக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த இறக்கத்தில் உனக்கு இது நடக்கவே கூடாது.

முதலில் எஞ்சின் ஓடும்போது பெல்ட்டின் வரிப்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார். கை, சட்டை எதுவும் கிட்டே போகக் கூடாது. சத்தம் சட்டென்று நின்று மறுபடி வந்தால் ஏதோ ஒரு புல்லி நேர்கோட்டில் இல்லை. கூடினால் டென்ஷன் போதவில்லை, பெல்ட் வழுக்குகிறது. சோப்பு, மெழுகு, ஸ்ப்ரே எதையும் தடவச் சொன்னால் கேட்காதே. கொஞ்ச நேரம் சத்தத்தை மறைக்கும், அவ்வளவுதான்.

பிறகு எஞ்சினை அணைத்து, பேட்டரி வயரைக் கழற்றி, பெல்ட் போகும் பாதையைப் போனில் படம் எடுத்துக்கொண்டு பெல்ட்டை இறக்கு. பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியையும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் புல்லியையும் கையால் சுற்று. நல்ல பேரிங் கிரீஸின் மெல்லிய பிடிப்போடு சுற்றி, சீக்கிரமே நிற்கும். சரசரவென்று நெடுநேரம் சுற்றினால் நல்லது என்று நினைத்துவிடாதே, உள்ளே கிரீஸ் காய்ந்துவிட்டது. விளிம்பைப் பிடித்து ஆட்டினால் துளியும் ஆட்டம் இருக்கக் கூடாது. எஸ்டேட் மண்ணும் ஓடைத் தண்ணீரும் முதலில் கெடுப்பது இவற்றைத்தான். ஐட்லர் சின்னது, எஞ்சினோடு சேர்ந்து சுற்றி பெல்ட்டை ஓட்டும் கிராங்க் புல்லியில் பாதி அளவுதான் என்றால், எஞ்சின் நிமிடத்துக்கு 2000 சுற்று சுற்றும்போது அது 4000 சுற்று சுற்றும்.

கிராங்க் புல்லியைப் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. அது இரண்டு வளையம், நடுவே ரப்பர். ரப்பர் விட்டுப்போனால் வெளி வளையம் நழுவி பெல்ட்டைக் கோணலாக இழுக்கும். இரண்டுக்கும் குறுக்கே சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, பெல்ட்டை மாட்டி ஓட்டிவிட்டு வந்து பார். கோடு பிரிந்திருந்தால் புல்லியையே மாற்ற வேண்டியதுதான்.

ஐட்லர் பிளாஸ்டிக்காக இருந்தால் முழுசாக மாற்று. இரும்பாக இருந்து, பேரிங்கைப் பிடிக்கும் பூட்டு வளையமான சர்க்ளிப் போட்டிருந்தால் பேரிங் மட்டும் போதும். பல வண்டிகளில் 6203 வரும்: உள்விட்டம் 17, வெளிவிட்டம் 40, அகலம் 12 மில்லிமீட்டர். ஆனாலும் கழற்றிய பேரிங்கில் இருக்கும் நம்பரைப் பார்த்தே வாங்கு. இருபுறமும் ரப்பர் சீல் உள்ள 2ஆர்எஸ் தான் வேண்டும். இரும்புத் தகடு மூடியது உன் சேற்றுக்குத் தாங்காது. பிரஸ்ஸில் ஏற்றும்போது வெளி வளையத்தில்தான் அழுத்த வேண்டும். உள் வளையத்தில் அழுத்தினால் புது பேரிங் அங்கேயே கெட்டுவிடும்.

இன்னொன்று, சில டென்ஷனர் போல்ட்டுகளுக்கு இடக்கை மரை, வழக்கத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பினால்தான் கழலும். திரும்பாவிட்டால் பைப் மாட்டி முறுக்காதே, எந்தப் பக்கம் என்று மேனுவலில் பார்.

பெல்ட் முதுகில் 6பிகே 2000 என்பதுபோல் எழுதியிருக்கும்: ஆறு வரி, 2000 மில்லிமீட்டர் நீளம். உன்னுடையதில் இருப்பதையும் பேரிங் நம்பரையும் எழுதி அனுப்பு. இங்கே வாங்கி, அடுத்த வாரம் மேலே வரும் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன். அதுவரை வண்டியைக் கீழே இறக்காதே.

அன்புடன்,
கதிரேசன்