இரண்டு சர்வர், ஒரு கணக்கு: நம் கடன் சங்க நிர்வாகக் குழுவினருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைவர், செயலாளர், குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் புதிய கணினி ஏற்பாட்டை விளக்கியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். ஒரு சர்வர் படுத்தால் மற்றது எழுந்து வேலையைத் தொடரும் என்றார்கள். சுங்கை சிப்புட்டில் மாலை இடி மழைக்குப் பயந்து கவுண்டரை மூடியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

வாங்கிய பொருளும் நல்லதுதான். டிஆர்பிடி, வியன்னாவின் லின்பிட் நிறுவனம் வளர்த்த மென்பொருள். 2010இல் வெளிவந்த லினக்ஸ் 2.6.33 முதல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. ஒரு சர்வரின் டிஸ்கில் எழுதும் ஒவ்வொரு பிளாக்கையும் (டிஸ்கின் சிறு துண்டு) அடுத்ததன் டிஸ்கிலும் எழுதும். புரோட்டோகால் சி முறையில், இரண்டிலும் பதிந்த பிறகே டேட்டாபேஸுக்கு ‘முடிந்தது’ என்று பதில் போகும்.

என் கவலை, அன்று திரையில் காட்டிய அமைப்பைப் பற்றியது. எந்தச் சேவை எந்தச் சர்வரில் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் பேஸ்மேக்கர் மென்பொருளில், சந்தேகத்துக்குரிய சர்வரை அணைத்துவிடும் பாதுகாப்பான ஸ்டோனித் அணைக்கப்பட்டிருந்தது. கேட்டதற்கு, “அணைக்காவிட்டால் எதுவும் ஸ்டார்ட் ஆகாது சார்” என்றார் பொருத்த வந்தவர். உண்மைதான். ஸ்டோனித் கருவி எதையும் சேர்க்காமல் விட்டால் பேஸ்மேக்கர் சேவைகளைத் தொடங்க மறுக்கும். காரணத்தோடுதான் மறுக்கிறது.

சர்வர்கள் ஒன்றுக்கொன்று ‘உயிரோடிருக்கிறேன்’ என்று சொல்ல உதவும் கோரோசிங் மென்பொருளின் நாடித்துடிப்பும் டிஆர்பிடியின் நகலும் ஒரே கேபிளில் ஓடுகின்றன. அந்தக் கேபிள் போனால் இரண்டு சர்வருக்கும் உயிர் இருக்கும். ஆனால் ஒன்றுக்கு மற்றது செத்ததாகத் தெரியும். இரண்டே சர்வர் உள்ள அமைப்பில் பெரும்பான்மை பார்க்கவும் வழியில்லை. இரண்டும் பிரைமரி (எழுதும் உரிமையுள்ள சர்வர்) ஆகும், இரண்டும் டேட்டாபேஸைத் திறக்கும், ஒரே ஐபி முகவரிக்கு இரண்டும் உரிமை கொண்டாடும். தோட்டத்து இரண்டு கிராணிகள் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஒரே நாளுக்கு இரண்டு செக்ரோல் (வருகைப் பதிவேடு) எழுதுவது போல. ஒரு கவுண்டரில் கட்டிய தவணை இந்தப் பக்கம், அடுத்த கவுண்டரில் கொடுத்த கடன் அந்தப் பக்கம்.

கேபிளைத் திரும்பச் செருகினால் டிஆர்பிடி உண்மையைக் கண்டுபிடித்து இணைய மறுத்துவிடும். பிறகு யாராவது உட்கார்ந்து ஒரு பக்கத்து மாற்றங்களை வீசச் சொல்லிக் கட்டளை கொடுக்க வேண்டும். டிஆர்பிடியால் இரண்டையும் ஒன்றுசேர்க்க முடியாது. அதற்குத் தெரிந்தது பிளாக்குகள் மட்டும். எல்பில் தோட்டத்து அக்கா கட்டிய தவணை எந்த பிளாக்கில் என்பது அதற்கு எப்படித் தெரியும்? யாருடைய ரசீதை வீசுவது என்று குழு முடிவு செய்யுமா? தானாகவே ஒரு பக்கத்தை வீசும்படி அமைக்கவும் செய்யலாம். அது இதைவிட மோசம், யாருக்கும் தெரியாமலே போய்விடும்.

ஆகவே ஸ்டோனித்தைப் போடச் சொல்லுங்கள். சந்தேகம் வந்தால் மற்ற சர்வரின் மின்சாரத்தை வெட்டி, வெட்டியது உறுதியான பிறகே பொறுப்பேற்பது அதன் வேலை. வாங்கிய சர்வர்களில், தூரத்திலிருந்தே சர்வரை அணைக்க உதவும் ஐபிஎம்ஐ ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் சர்வருக்கு மின்சாரமே போனால் ஐபிஎம்ஐயும் பதில் சொல்லாது, உயிரோடிருப்பது காத்துக்கொண்டே நிற்கும். அதனால் நெட்வொர்க் வழியே அணைக்கக்கூடிய பிளக் வரிசை ஒன்றும் வேண்டும். டிஆர்பிடியிலும் ஃபென்சிங்கை (மற்ற சர்வரை ஒதுக்கிவைக்கும் அமைப்பை) ‘ரிசோர்ஸ் அண்ட் ஸ்டோனித்’ என்று வைத்து, பேஸ்மேக்கருக்கான ஃபென்ஸ் பியர் ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலை இணைக்க வேண்டும். அடுத்தவர் நிலை தெளியும்வரை எழுதுவது நிற்கும். நாடித்துடிப்புக்கு இன்னொரு கேபிளும் தேவை. பெரும்பான்மை பார்க்க மூன்றாவது ஓட்டும் வேண்டும்; அதற்குக் கிளை அலுவலகத்தில் ஒரு சின்னக் கணினியில் கியூநெட்டி என்ற ஓட்டுப் போடும் மென்பொருள் ஓடினால் போதும். உறுப்பினர் கணக்கு எதுவும் அதில் இருக்காது, லைன் கொஞ்சம் மெதுவாக இருந்தாலும் சமாளிக்கும்.

இரண்டு டிஸ்க் இருப்பதால் இரவு பேக்அப் தேவையில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தவறி அழித்தால் அந்த அழிப்பும் அதே நொடியில் அந்தப் பக்கம் போய்விடும்.

கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்குமுன் குழுவின் கண்ணெதிரே சோதனை நடக்கட்டும். ஒரு முறை இணைப்புக் கேபிளைப் பிடுங்குங்கள், ஒரு முறை பிரைமரியின் பவர் வயரைப் பிடுங்குங்கள். இரண்டு முறையும் ஒரு சர்வர்தான் மிஞ்ச வேண்டும், அதுவே கவுண்டருக்குப் பதில் சொல்ல வேண்டும். கூலி எதுவும் வேண்டாம், நானும் வந்து உதவுகிறேன். கவுண்டர் மூடியிருக்கும் ஞாயிறு காலை எனக்கு வசதி.

இப்படிக்கு,
சங்க உறுப்பினர் ஒருவன்