கோப்ரா என்றதும் நாற்காலியில் ஏறியவளுக்கு

அன்புள்ள செல்வி,

வீட்டுக்காரப் பாட்டி தோட்டத்திலிருந்து "கோப்ரா, கோப்ரா" என்று கூவியதையும், நீ சமையலறை நாற்காலியில் ஏறி நின்றதையும், பாட்டி அதைத் துடைப்பத்தால் வேலிக்கு வெளியே தள்ளிவிட்டுச் சிரித்ததையும் அம்மா இங்கே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். நாகராஜா கோவில் மண்ணை நெற்றியில் பூசி வளர்ந்த நாகர்கோவில்காரி போர்ச்சுகலுக்குப் போய் மானத்தை வாங்கிவிட்டாளாம். எனக்கு வேறு கவலை. முப்பது வருடம் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியவன் கையில் ஒரு சொல் சிக்கினால் சும்மா விடுவானா?

பாட்டி சொன்னதில் பிழையில்லை. அவர்கள் மொழியில் கோப்ரா என்றால் வெறும் பாம்பு. நம் தண்ணீர்ப்பாம்பு போன்ற சாதுக்கூட அங்கே கோப்ராதான். 'கொலுப்ரா' என்ற லத்தீன் சொல் தேய்ந்து அப்படி ஆனது. விரியன் வகைக்கு 'வீபொரா' என்று தனிப்பெயர் உண்டு. அதைச் சொன்னால் தாராளமாக நாற்காலியில் ஏறு.

பிறகு எப்படி நம் நாகத்துக்கு அந்தப் பெயர் வந்தது? 1498-க்குப் பின் இந்தியக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் படமெடுத்து ஆடும் பாம்பைப் பார்த்து 'கோப்ரா டி கப்பெலு' என்றார்கள். கப்பெலு என்பது துறவிகள் தலையில் போடும் முக்காடு. முக்காடு போட்ட பாம்பு! கண்ணால் கண்டவன் வைத்த பெயர். ஆங்கிலேயர் அதை அப்படியே வாங்கி, போகப்போக வால்பகுதியை வெட்டிவிட்டார்கள். அடையாளமே முக்காடுதான், அதைத் தொலைத்துவிட்டு, 'பாம்பு' என்ற சாதுவான சொல்லில் நஞ்சை ஏற்றி உலகம் முழுக்க அனுப்பிவிட்டார்கள். என் மேசைக்கு வந்திருந்தால் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

உயிரினங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டும் முறையை வகுத்த லின்னேயஸ் 1758-இல் இதற்கு 'கொலுபர் நாஜா' என்று பெயரிட்டார். முன்சொல் கோப்ராவின் உறவு, பின்சொல் நம் நாகம். இப்போது முன்சொல்லும் போய், அறிவியலில் அது 'நாஜா நாஜா'. நாகம் நாகம் என்று இரண்டு தரம். உன் ஆச்சி கேட்டிருந்தால் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள்.

அவளுக்கு அது நல்ல பாம்பு. நல்லது என்று சொன்னால் நல்லதாக நடந்துகொள்ளும் என்ற நம்பிக்கை. விளக்கு வைத்த பிறகு அந்தப் பேரும் கூடாது, 'கயிறு' என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பத்து வயதிருக்கும். "விறகுப்புரையில் கயிறு கிடக்கிறது" என்றாள். பசுவைக் கட்டக் கேட்கிறாளாக்கும் என்று நான் இருட்டில் போய்க் கையை நீட்டினேன். சீறல் கேட்டுப் பின்னால் விழுந்ததில் முழங்கை பெயர்ந்தது. தழும்பை நீ பார்த்திருக்கிறாய், சைக்கிளில் விழுந்தேன் என்று சொல்லியிருப்பேன். நீ ஒன்றுமில்லாத பாம்புக்குப் பயந்தாய், நான் படமெடுத்த பாம்பைக் கயிறென்று பிடிக்கப் போனேன். அம்மாவிடம் இதைச் சொல்லாதே.

பாட்டியிடம் கேட்டு எழுது: இரவில் சொல்லக்கூடாத பெயர் அவர்கள் ஊரிலும் ஏதாவது உண்டா?

குளிர் தொடங்கிவிட்டது என்றாய். ஜன்னலைச் சாத்திக்கொண்டு படு, வெளியே போகும்போது சாவியை மறக்காதே. அந்த இரண்டும் போர்ச்சுகீசியரிடம் நாம் வாங்கியவை. தமிழிலேயே சொல்லிப்பார், பாட்டிக்குப் பாதி புரியும்.

அன்புடன்,
அப்பா