மூன்றில் இரண்டு பங்கு மண்ணீரலுக்கு நன்றி

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கும், அன்று கூட நின்ற எல்லோருக்கும்,

மகன் இன்றுதான் மறுபடி பள்ளிக்குப் போயிருக்கிறான். வீடு அமைதியாக இருக்கிறது, எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிளிலிருந்து விழுந்தபோது ஹேண்டில்பார் முனை இடது விலாவுக்குக் கீழே குத்தியது. வெளியே பார்த்தால் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு சிவப்பு வட்டம், அவ்வளவுதான். முதலில் காட்டிய இடத்தில் வாயுவாக இருக்கும் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இரவில், "தோள் வலிக்குதும்மா" என்றான். அடிபட்டது வயிற்றில், தோள் எதற்கு வலிக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் அதைக் கேட்டதும், "இடது தோளா?" என்று எழுந்துவிட்டார். உள்ளே கசியும் ரத்தம், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்தினால் வலி தோளில் தெரியுமாம். உடனே ஸ்கேனுக்கு அனுப்பினார். தம்பி, பதற்றத்தில் உங்கள் பெயரைக்கூடக் கேட்கவில்லை, மன்னியுங்கள்.

மண்ணீரல் கிழிந்திருந்தது. குழந்தைகளுக்குப் பெரும்பாலும் ரத்தம் தானாகவே நின்றுவிடும், பார்ப்போம் என்றீர்கள் டாக்டர். செவிலியர் அக்கா இரவு முழுக்க அவன் மணிக்கட்டை விடவில்லை. விடியும் நேரத்தில் நாடி ஏறுவதையும் அழுத்தம் இறங்குவதையும் கவனித்து உங்களை எழுப்பியது அவர்தான்.

"எடுத்துடுங்க டாக்டர், அது இல்லாமலும் வாழலாமாமே" என்று சொன்னது நான். போனில் சொந்தக்காரர்கள் சொல்லிக்கொடுத்தது. உங்களுக்கு அப்போது ஒரு நிமிடம்கூட வீணாக்க முடியாது. ஆனாலும் மருந்துச் சீட்டைத் திருப்பி, அவரைக்கொட்டை போல ஒன்றை வரைந்தீர்கள். ரத்தக்குழாய் உள்ளே போனதும் வாய்க்கால் பாத்திபாத்தியாகப் பிரிவது போலப் பிரிகிறது, கெட்டுப்போன பாத்தியின் வாய்க்காலை மட்டும் கட்டிவிட்டால் மற்றவை பிழைக்கும் என்றீர்கள். அப்புறம், "முடியலைன்னா முழுசா எடுத்துடுவேன், உயிர்தான் முதல்ல" என்றும் சொன்னீர்கள். பூசி மெழுகாத அந்தப் பேச்சில்தான் எனக்குத் தைரியம் வந்தது.

கீழ்ப்பகுதியில் மூன்றில் ஒரு பங்கு போனது. மீதியைத் தையல் போட்டு, உடம்பிலேயே கரைந்துவிடும் வலைக்குள் பொதிந்து வைத்தீர்கள். முழுதாக எடுப்பது இதைவிடச் சீக்கிரம் முடிகிற வேலை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிரேசிலின் அறுவை மருத்துவர் மார்செலோ காம்போஸ் கிறிஸ்டோ 1962இலேயே இப்படிப் பகுதி மட்டும் வெட்டி எடுத்ததைப் பற்றி எழுதியிருக்கிறார். அதற்குப் பத்து வருடம் முன்பே, மண்ணீரல் எடுக்கப்பட்ட கைக்குழந்தைகளுக்குப் பின்னால் கடும் கிருமித்தொற்று வந்ததை கிங், ஷூமேக்கர் என்ற இருவர் பதிவு செய்திருக்கிறார்கள். நிமோகாக்கஸ் மாதிரி உறை போர்த்திய கிருமிகளை வடிகட்டுவது இந்த உறுப்புதானே. அந்தத் தொற்று அபூர்வம்தான், வந்தால் ஒரே நாளில் ஆளைக் கொண்டுபோய்விடும். இதெல்லாம் தெரியாமல்தான் "எடுத்துடுங்க" என்றேன்.

மயக்க மருத்துவர் ஐயாவுக்கும், விடியற்காலையில் வந்து ரத்தம் கொடுத்த மூன்று பேருக்கும் நன்றி. உங்கள் ரத்தம்தான் டாக்டருக்கு நிதானமாகத் தைக்க நேரம் கொடுத்தது.

ஆய்வகத்து அம்மா, உங்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஆறு வாரம் கழித்து, கண்ணாடித் துண்டில் தடவிய அவன் ரத்தத்தைப் பார்த்துவிட்டு, "ஹோவெல் ஜாலி துகள் ஒண்ணுகூட இல்லை" என்று வாசல் வரை வந்து சொன்னீர்கள். நான் திருதிருவென்று விழித்தேன். மண்ணீரல் வேலை செய்யாவிட்டால் சிவப்பணுக்களில் அந்தப் புள்ளிகள் தங்கிவிடும், இவனுடையது கூட்டிப் பெருக்கிவிட்டது என்று சிரித்தீர்கள்.

சைக்கிளைத் தொடக்கூடாது என்று நீங்கள் சொன்ன மூன்று மாதம் முடிய இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறது. காலண்டரில் தினமும் ஒரு கட்டத்தை அடித்துக்கொண்டிருக்கிறான். அந்த மருந்துச் சீட்டு என்னிடம்தான் இருக்கிறது, டாக்டர். முன்பக்கம் வேறு யாருக்கோ எழுதிய இருமல் மருந்து. அவருக்கு இருமல் நின்றிருக்கும் என்று நம்புகிறேன், சீட்டைத் திருப்பித் தருவதாக இல்லை.

இப்படிக்கு,
அவன் அம்மா